ஏசிஎல் ஆபரேஷன் முடிந்தது, பிரேஸை என்ன செய்வது? பிசியோவிடம் கேள்வி பதில்

ஏசிஎல், அதாவது முட்டிக்குள் முன்பக்கம் குறுக்காகப் போகும் ஜவ்வு, அதன் ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள் என்றால் பாதிப் பேர் பிரேஸ் பற்றித்தான், முட்டியைப் பிடித்து நிறுத்தும் அந்தக் கீல் வைத்த கட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். சரி, அதையே பேசுவோம். நான் பிசியோ, உங்கள் முட்டியைத் திறந்து பார்த்தவன் இல்லை. உங்கள் சர்ஜன் எழுதிக்கொடுத்ததும் நான் சொல்வதும் மோதினால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு ஆறு வாரம் பிரேஸ் போடச் சொல்லியிருக்கிறார்கள். இதே ஏசிஎல் ஆபரேஷன் செய்த நண்பனுக்கு வேறு ஆஸ்பத்திரியில் பத்தே நாளில் கழற்றிவிட்டார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, ஏசிஎல்லோடு மெனிஸ்கஸையும் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தைத்திருந்தால் அந்தத் தையல் பிடிக்கும்வரை, முட்டி 90 டிகிரிக்கு மேல் மடங்காதபடி நான்கு முதல் ஆறு வாரம் பிரேஸ் போடச் சொல்வது வழக்கம், அதில் பேரம் பேசாதீர்கள். ஏசிஎல் மட்டும்தான் என்றால் கதை வேறு. பிரேஸ் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2007-லேயே ஒரு கட்டுரை வந்துவிட்டது. வலி, முட்டி மடங்கும் அளவு, புது ஜவ்வின் இறுக்கம், மறுபடி அடிபடுவது என எதிலும் பிரேஸால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. அப்புறம் ஏன் போடுகிறார்கள்? வீக்கத்தாலும், மரத்துப்போகப் போட்ட ஊசியாலும் முதல் சில நாள் தொடைத் தசை வேலையே செய்யாது, ஊன்றினால் முட்டி மடிந்து விழுவீர்கள், அதைத் தடுக்கத்தான். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள் என்பது கூடுதல் லாபம்.

கேள்வி: கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கழற்றிப் பயிற்சி செய்ய அனுமதி இருந்தால், மல்லாந்து படுத்து, முட்டியை நன்றாக நீட்டிக் காலைத் தூக்குங்கள். தூக்கும்போது முட்டி லேசாகத் தொய்ந்தாலும் தசை இன்னும் தயாராகவில்லை. தொய்யாமல் திரும்பத் திரும்பத் தூக்க முடிந்தால் உங்கள் பிசியோவின் கண் முன்னால் பிரேஸ் கீலின் லாக்கைத் திறந்துவிட்டு நடந்து பாருங்கள். பயத்தில் மாதக்கணக்கில் கழற்றாமலே இருப்பவர்களும் உண்டு. கடைசியில் தொடை இளைத்துப் போயிருக்கும், அதைத் தேற்றுவதுதான் பெரிய வேலை.

கேள்வி: பிரேஸ்தான் போட்டிருக்கிறேனே, தூங்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாமா? சுகமாக இருக்கிறது.

பதில்: கூடாது. சுகமாக இருப்பதற்குக் காரணமே முட்டி கொஞ்சம் மடிந்திருப்பதுதான். அப்படியே பழகிவிட்டால் கால் முழுதாக நீளாது, நடை நொண்டும், சிலருக்கு முட்டிக்குள் தழும்புத் திசு வளர்ந்து அடைத்துக்கொள்ள, மறுபடி கேமரா விட்டு எடுக்க வேண்டியிருக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தானாக நீளட்டும்.

கேள்வி: நடந்தால் பிரேஸ் கீழே வழுக்கிக்கொண்டே வருகிறது.

பதில்: உட்கார்ந்து மாட்டுங்கள். பக்கவாட்டுக் கீல் முட்டிச்சில்லின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். முதலில் முட்டிக்குச் சற்றுக் கீழே, கெண்டைக்கால் சதைக்கு மேலே வரும் பட்டையை இறுக்குங்கள், பிரேஸைத் தாங்குவது அதுதான். வீக்கம் வடிந்ததும் எல்லாப் பட்டையும் தளர்ந்துவிடும், திரும்ப அளவு பார்க்க வேண்டும்.

கேள்வி: இறுக்கிக் கட்டியதிலிருந்து பாதத்தின் மேல்பக்கம் மரத்துப் போகிறது.

பதில்: உடனே தளர்த்துங்கள். முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே துருத்தும் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, பட்டை அதை அழுத்துகிறது. தளர்த்தியும் மரப்பு போகவில்லை, அல்லது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை என்றால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அதேதான், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம்.

கேள்வி: மெடிக்கலில் விற்கும் நீ கேப் போதாதா?

பதில்: கதகதப்பாக இருக்கும். அதைத் தாண்டி எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்ததில் எனக்கு பிசிஎல் (முட்டியின் பின்பக்க ஜவ்வு) போய்விட்டது. தம்பியின் பழைய ஏசிஎல் பிரேஸ் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளவா?

பதில்: வேண்டாம். பிசிஎல் போனால் கால் எலும்பு பின்பக்கமாகச் சரியும், அதை முன்னால் தள்ளிப் பிடிக்கும் பிரேஸ் தேவை, நாளும் அதிகமாகும்.

கேள்வி: நான் கபடி ஆடுபவன். ஆகஸ்ட்டில் ஏசிஎல் ஆபரேஷன். பொங்கல் போட்டிக்கு நல்ல பிரேஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கலாமா?

பதில்: ஏறக்குறைய ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும் தம்பி. அமெரிக்காவின் டெலவேர், நார்வேயின் ஆஸ்லோ குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம்வரை விளையாட்டை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பனிச்சறுக்கு ஆடுபவர்களிடம் பிரேஸ் போட்டால் மறு காயம் குறைவதாக ஒரு ஆய்வு உண்டு, உண்மைதான், ஆனால் அவர்கள் காலை ஏழு பேர் சேர்ந்து பிடித்து இழுப்பதில்லை. உலோகக் கீலோடு நீங்கள் ரெய்டு போனால் பிடிக்க வருபவரின் பல்லுக்கு யார் பொறுப்பு? ஒன்பது மாதம் கழியட்டும், தொடை பலமும் ஒற்றைக்கால் தாவலும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வரட்டும். இந்தப் பொங்கலுக்கு ஸ்கோர் எழுதுங்கள்.