தகரக் கொட்டிலில் காளான் மொட்டு ஏன் காய்கிறது?

வன்னியில் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி ஆடி மாதத்தில் கேட்டது: "பயிற்சி வகுப்பொன்றில் சிப்பிக் காளான் பைகள் தந்தார்கள். பை முழுக்க வெள்ளை ஓடி, வாயைத் திறந்ததும் மொட்டும் வந்தது. ஆனால் எல்லாம் மஞ்சளாகிக் காய்கிறது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். விதை பிழையா? அடுத்த முறை எங்கள் வயல் வைக்கோலில் நானே பை கட்டலாமா? விலை கூடிய மொட்டுக் காளான் (பட்டன் காளான்), ஷீட்டாக்கே என்ற ஜப்பான் காளான் எல்லாம் இங்கே வருமா?"

விதையில், அதாவது காளான் இழை வளர்த்த தானியத்தில், பிழையில்லை. அந்த வெள்ளை இழை படர்ந்து பை வெளுத்து, மொட்டும் கட்டிவிட்டதென்றால் விதை தன் வேலையை முடித்துவிட்டது. மொட்டைக் கொல்வது கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றும் உங்கள் தகரமும்தான்.

சிப்பிக் காளான் நன்றாக விரிய 20 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமும், காற்றில் 80 முதல் 90 வீத ஈரப்பதமும் வேண்டும். ஆடி மாத வன்னியில் மத்தியான வெயில் 33, 34 பாகையைச் சாதாரணமாகத் தொடும். தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூட. காலையில் தெளித்த தண்ணீர் பத்து மணிக்கே போய்விடும். அதற்காக மொட்டின் மேலேயே இன்னும் ஊற்றினால் காய்வதற்குப் பதிலாக அழுகும். நனைக்க வேண்டியது பையை அல்ல, கொட்டிலை. தரையில் ஆற்று மணலைப் பரப்பி நனைத்து வையுங்கள். சுற்றிவரச் சாக்குக் கட்டி அதையும் ஈரமாகவே வைத்திருங்கள். தகரத்தின் மேல் கிடுகு போடுங்கள். மாமர நிழலில் தனிக் கிடுகுக் கொட்டில் என்றால் இன்னும் நல்லது. கச்சான் அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தை முழுதாக மறையுங்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தில் வலை அடித்த ஒரு திறப்பு இருக்கட்டும். காற்றோட்டமே இல்லாவிட்டால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும்.

இப்போதுள்ள பைகளை எறிய வேண்டாம். காய்ந்த மொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் ஒரு கிழமை ஆற விடுங்கள். பைக்குள் சாப்பாடு மிச்சமிருந்தால் மறுபடி மொட்டு வரும். பச்சைப் பூஞ்சணம் படர்ந்த பையை மட்டும் அன்றைக்கே கொட்டிலை விட்டு அகற்றுங்கள், மற்றவற்றுக்கும் தொற்றும்.

வைக்கோலில் தாராளமாகக் கட்டலாம். பயிற்சிகளில் பெரும்பாலும் இறப்பர் மரத்தூளில்தான் காட்டுவார்கள். தெற்கிலிருந்து தூளை லொறியில் இறக்கிக்கொண்டு, அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பது எனக்கு விளங்காத கணக்கு. மெஷின் வெட்டிய வைக்கோல் என்றால் பனியும் மழையும் படமுன் சேர்த்துவிடுங்கள். பொன்னிறம் போய்க் கறுத்தது ஆகாது.

இரண்டு அங்குலத்துக்குள் நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, 65 முதல் 80 பாகைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் அமிழ்த்துங்கள். பாதியாக வெட்டிய பீப்பா போதும். ஒரு வெப்பமானி வாங்குங்கள், கைக்கணக்கு இதில் சரிவராது. பிறகு வடியவிட்டு, நன்றாக ஆறியதும் ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களின் பைகள்தான் நாறுகின்றன. உலர் வைக்கோல் ஒரு கிலோவுக்கு 100 கிராம் விதை என்று அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டி, இருட்டில் வையுங்கள். 15 முதல் 20 நாளில் வெளுத்துவிடும். அப்புறம் பையைக் கீறிவிட்டால் ஒரு கிழமைக்குள் முதல் பறிப்பு. மூன்று பறிப்பிலும் சேர்த்துக் கிலோ வைக்கோலுக்கு அரைக் கிலோவாவது எதிர்பார்க்கலாம். குடையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருளமுன் பறியுங்கள். பிந்தினால் வித்துத்தூள் கொட்டும். அது இருமலையும் கொண்டுவரும்.

காலம்தான் முக்கியம். சிறுபோக வைக்கோலைச் சேர்த்து வைத்து, ஐப்பசியில் பை கட்டுங்கள். கார்த்திகை முதல் தை வரை வானமே உங்கள் கொட்டிலை நனைத்துக் குளிர்த்தித் தரும்.

மொட்டுக் காளானுக்கு 15 முதல் 18 பாகை வேண்டும். நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு அது சரி. இங்கே குளிரூட்டி ஓட்டிக் கட்டுப்படியாகாது. ஷீட்டாக்கேயும் குளிர் விரும்பிதான். மழைக்குப் புற்றில் முளைக்கும் காளானை வளர்க்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அது கறையானோடு சேர்ந்து வாழ்வது, பைக்குள் வராது.

வன்னி வெயிலுக்குப் பொருந்துவது பால் காளான். 30 முதல் 35 பாகையில் நன்றாக வரும், தடித்த தண்டு, பறித்தபின் சிப்பியைவிடக் கூட நாள் வாடாமல் இருக்கும். பை வெளுத்தபின் மேலே அவித்தெடுத்த மண்ணை ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் போட வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இதன் விதைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, பங்குனியில் நாலைந்து பைகளோடு தொடங்குங்கள்.