நகைக்கடன் மேல் நகைக்கடன், அதற்கு மேல் ஒரு ஏஐ கண்ணாடி

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வயது 49, கணவர் இல்லை. ராயபுரத்தில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கைக்கு 23,000 ரூபாய் வருகிறது. மகனுக்கு 23 வயது, பி.ஏ. முடித்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிறான். மாலைக்கண்ணாகத் தொடங்கிய விழித்திரை நோயில் இரண்டு வருடமாகப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. உதவித்தொகை மாதம் 1,500 வருகிறது. 5 சவரனை அடகு வைத்து, புத்தகம் படித்துக் காட்டும் இயந்திரம் முதல் ஒவ்வொன்றாக அவனுக்கு வாங்கினேன். அவனோ "எல்லாம் போனிலேயே பார்த்துக்கிறேன்மா" என்கிறான். இப்போது என் தம்பி, எதிரில் இருப்பதைச் சொல்லும் ஏஐ கண்ணாடி வாங்கியே ஆக வேண்டும் என்கிறான். விலை 1,50,000. மாதம் 7,400 வீதம் 24 தவணை, கடன் என் பெயரில். 5,000 ரூபாய் முன்பணமும் அவனே கட்டிவிட்டான். "பிள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போற?" என்று கேட்கிறான். ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: கணக்கு எழுதுகிறவர் நீங்கள். தவணை என்றால் என்ன, வட்டி எப்படி ஏறும் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அலுவலகத்தில் போடுகிற கணக்கை வீட்டில் நீங்கள் போடவில்லை. கடிதத்தோடு அனுப்பிய அடகுச் சீட்டு விவரங்களை வைத்து நான் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் 1,20,000 வாங்கினீர்கள். வட்டி 12%. ஒரு வருடத்தில் 14,400 வட்டி சேர்ந்திருந்தது. தங்கம் விலை ஏறியிருந்ததால் அதே நகையை 1,80,000க்குத் திருப்பி வைத்தீர்கள். பழைய கடனும் வட்டியும் போகக் கைக்கு வந்தது 45,600. போன மாதம் மறுபடியும் அதே கதை. 21,600 வட்டியைக் கழித்துக்கொண்டு 2,60,000க்கு மாற்றி வைத்தார்கள், கையில் 58,400 கிடைத்தது. மூன்று தடவையும் சேர்த்து நீங்கள் வாங்கிய காசு 2,24,000. இன்று இருக்கும் கடன் 2,60,000. நடுவில் இருக்கும் 36,000 முழுக்க வட்டி. அதில் ஒரு ரூபாயைக்கூட உங்கள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்காததால் போனதே தெரியவில்லை.

உங்களைக் கெடுப்பது இந்த ஒரு பழக்கம்தான். விலை ஏறும்போதெல்லாம் திருப்பி வைத்து, கூடக் கிடைப்பதை வருமானம் மாதிரி எடுத்துக்கொள்வது. கண்ணாடி அதன் அடுத்த படி, அவ்வளவே.

இனி மாதக் கணக்கு. நகைக்கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 2,600. கண்ணாடித் தவணை 7,400. ஆக 10,000. உங்கள் சம்பளமும் அவன் உதவித்தொகையும் சேர்ந்து 24,500. வாடகை 7,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 7,500. அதில் இரண்டு பேர் சாப்பாடு, கரண்ட், கேஸ், மருந்து, பஸ், தேர்வுக் கட்டணம். நடக்காது. இரண்டாம் மாதமே தண்டல்காரரிடம் போய் நிற்பீர்கள். 1,50,000 பொருளுக்கு 24 தவணையில் கட்டப்போவது 1,77,600. முன்பணம் தனி.

சரி, அந்தக் கண்ணாடி என்ன செய்யும்? எழுத்தைப் படிக்கும், எதிரில் இருப்பதைச் சொல்லும். உங்கள் மகன் போனில் செய்வதும் ஏறக்குறைய அதுதான். ஆண்ட்ராய்டு போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் உள்ளேயே இருக்கிறது, தமிழ்க் குரலும் உண்டு. கம்ப்யூட்டரைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு நண்பர்கள் 2006ல் தொடங்கினார்கள். விலையே இல்லை. கூகுளின் லுக்அவுட் எழுத்தையும் பொருளையும் கேமராவில் பார்த்துச் சொல்லும். பி மை ஐஸ் செயலியில் வீடியோ அழைப்பு போட்டால் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் நமக்காகப் பார்த்துச் சொல்வார். ரூபாய் நோட்டு எது என்று சொல்ல ரிசர்வ் வங்கியே 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியைக் கொடுத்தது. இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். இத்தனையும் இலவசம். "போனிலேயே பார்த்துக்கிறேன்" என்று அவன் சொன்னது உங்களைச் சமாதானப்படுத்த என்று நினைத்துவிட்டீர்கள். உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான்.

கண்ணாடி செய்யாததையும் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது அவனைச் சாலை கடக்க வைக்காது. மூடி இல்லாத கால்வாயை அதை நம்பித் தாண்ட முடியாது. அதற்கு வெள்ளைக் கோலும், அதைப் பிடித்து நடக்கும் பயிற்சியும் வேண்டும். பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. நடைப் பயிற்சிக்கும் கம்ப்யூட்டர் பயிற்சிக்கும் அங்கே கேளுங்கள். கோலில் பொருத்திக்கொள்ளும் கருவி ஒன்றை டெல்லி ஐஐடி உருவாக்கியிருக்கிறது. முழங்காலுக்கு மேலே தலைவரை இடிக்கக்கூடியதை அதிர்வால் உணர்த்தும். விலை சில ஆயிரங்கள்தான். அப்புறம் ஒன்று, வங்கித் தேர்வு அறைக்குள் ஏஐ கண்ணாடியோடு போக விடமாட்டார்கள். அங்கே அவனுக்கு உதவப்போவது சொல்வதை எழுதுபவரும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும். இரண்டும் அவன் உரிமை. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் அவர்களுக்கு 4% ஒதுக்கீடு, அதில் 1% பார்வை இல்லாதவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும்.

கருவி எதுவானாலும் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கடை அதற்கு அப்புறம். அவனுடைய தேசிய அடையாள அட்டையோடு போங்கள். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும், சுயதொழில் செய்பவர்களுக்கும் தகுந்த செயலி போட்ட ஸ்மார்ட் போனை அரசு தருகிறது. வேலை கிடைத்ததும் அவனுக்கும் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 40% குறைபாடு இருந்தால் மத்திய அரசின் உபகரண உதவித் திட்டமும் உண்டு. வருமான வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நகை. மாதம் 3,000 கட்டி மீட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2,600 வட்டிக்கே போய்விடும், அசலில் 400தான் குறையும். அந்த வேகத்தில் பல வருடம் ஆகும். விற்றுவிடுங்கள். உங்களுக்கு வலிக்கும், தெரியும். மருமகளுக்கென்று எடுத்து வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அடகுப் பெட்டியில் இருக்கும் நகை யாருக்கும் போய்ச் சேராது. எத்தனை சவரனைக் கொடுத்தால் கடன் முழுசாக அடையும் என்று இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். மிச்ச நகையாவது வீட்டுக்கு வரும். மூலையில் கிடக்கும் படிப்பு இயந்திரத்தையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள், தேவைப்படும் வேறொரு பிள்ளை பயன்படுத்தட்டும்.

வட்டி நின்றதும் அந்தக் காசில் மாதம் 2,500ஐ மகன் பெயரில் அஞ்சலக ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பில், போடுங்கள். இப்போதைய 6.7% வட்டியில் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 1,78,000 வரும். கண்ணாடிக்குக் கட்டவிருந்த அதே தொகை. வேலைக்குப் போன பிறகு அவனுக்கே ஒரு கண்ணாடி தேவை என்று தோன்றினால், பதினைந்து நாள் போட்டுப் பார்த்து, முதல் வருடத்துக்குப் பிறகு சந்தா உண்டா, ரிப்பேர் எங்கே என்று கேட்டு, அவனே வாங்கட்டும்.

தம்பிக்குப் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாசம் அவருடையது, தவணை உங்களுடையது. கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் 5,000 திரும்பாவிட்டால் நீங்களே கொடுத்து அந்தப் பேச்சை முடியுங்கள், 1,77,600க்கு அது பரவாயில்லை. அவர் வீட்டுக்கு வரும்போது மகனையும் உட்கார வைத்துப் பேசுங்கள், அம்மா. கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், இது வேண்டுமா என்று யாரும் அவனைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

நகையை விற்கப் போகும்போதும் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் சொல்லும் எடை, சேதாரம், விலை மூன்றையும் வைத்து அவன் போனில் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், கையில் வரும் நோட்டையும் அவனே எண்ணி வாங்கட்டும்.