உச்சந்தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம்

கேள்வி: ஹோனலுலுவுக்குக் குடிவந்து ஒரு வருடமாகிறது. நட்சத்திரம் பார்த்தே கடல் கடந்தவர்களின் கதைகளை இங்கே கேட்டதிலிருந்து அதைக் கற்கவேண்டும் என்று ஆசை. பார்த்ததைக் குறித்துவைக்க நோட்டும் வாங்கிவிட்டேன், முதல் பக்கமே இன்னும் காலி. எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி, ஹோனலுலு

பதில்: பெயர்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள், பத்தே நாளில் சலித்துவிடும். ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஹோகூலேயா, மகிழ்ச்சி நட்சத்திரம். நம் சுவாதிதான். சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடித்து (ஹவாயில் அதற்கு நா ஹிகு, ஏழு என்றே பெயர், எண்ணிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் சண்டையில்லை) அதன் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று தெரியும். ஜூன் நடுவில் இரவு ஒன்பதேகால் வாக்கில் அண்ணாந்து பாருங்கள், உச்சியிலிருந்து இரண்டு சுண்டுவிரல் அகலம் தெற்கே இருக்கும். ஹவாயின் பெரிய தீவில் ஹிலோ நகருக்குப் போனால் கிட்டத்தட்ட நேர் உச்சி. தென் பசிபிக் தீவான டஹிட்டியிலிருந்து வடக்கே வரும் படகோட்டிக்கு, அது தலைக்கு நேர் மேலே வந்துவிட்டால் ஹவாயின் அட்சரேகைக்கு வந்தாயிற்று, இனி காற்றோடு மேற்கே திரும்பித் தீவைத் தேடவேண்டியதுதான். 1976ல் மைக்ரோனீசியாவின் சடவால் தீவுக்காரரான மாவ் பியைலுக், திசைகாட்டிகூட இல்லாமல் டஹிட்டிக்கு ஓட்டிப்போன படகுக்கும் ஹோகூலேயா என்றுதான் பெயர். 1980ல் அதே வழியில் போன நைனோவா தாம்ப்சன், தன் கையையே அளவுகோலாக்கிப் பழகியவர்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறக்குறைய 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. வடக்கே ஹோகூபாஆ, அதாவது துருவ நட்சத்திரம், இரண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். உங்கள் ஊரின் அட்சரேகையும் அதே 21 டிகிரிதான். அப்புறம், மே கடைசியில் ஒன்பது மணி வாக்கில் தெற்குக் கடற்கரைக்குப் போங்கள். தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டம் நிமிர்ந்து நிற்கும், அதன் மேல் நட்சத்திரத்துக்கும் கீழ் நட்சத்திரத்துக்கும் எவ்வளவு இடைவெளியோ, கீழ் நட்சத்திரத்துக்கும் கடலுக்கும் அவ்வளவேதான். அடிவானத்தில் மேகம் படுத்திருந்தால் அன்றைக்குப் பயணம் வீண், அதையும் எழுதிவையுங்கள்.

நோட்டில் தேதி, மணி, நின்ற இடம், எத்தனை முஷ்டி உயரம். கூடவே நிலா இரவின் பெயர். நமக்குத் திதி மாதிரி ஹவாயில் ஒவ்வோர் இரவுக்கும் பெயர் உண்டு, மெல்லிய முதல் பிறையின் இரவு ஹிலோ, கடைசி இரவு முகு. கதைகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், யார் சொன்னார், எந்தத் தீவுக்காரர் என்பதோடு. தீவுக்குத் தீவு கதை மாறும், இரண்டையும் கலந்து மூன்றாவது ஒன்றை நீங்கள் உண்டாக்கிவிடக் கூடாது.

கேள்வி: செல்போன் ஆப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

பதில்: ஆப் இருக்கட்டும், பார்த்ததை வரைந்து முடித்த பிறகு சரிபார்க்க உதவும். முன்னாலேயே திறந்தால், இருட்டுக்குப் பழக 20 நிமிடம் எடுத்துக்கொண்ட கண் ஒரே நொடியில் கூசிப்போகும். எழுதுவதற்கு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.