மேற்கூரையை மாற்ற 15 ஆண்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வீடு கட்டி 35 ஆண்டுகள் ஆகின்றன. தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். செலவில் பாதிக்குச் சேமிப்பு இருக்கிறது. மீதிக்கு 15 ஆண்டுக் கடன் எடுத்தால் தவணை கையைக் கடிக்காது போலிருக்கிறது. நான் ஓய்வுபெற இன்னும் 7 ஆண்டுகள். எடுக்கலாமா?

பதில்: கடன் இருக்கட்டும், முதலில் இடிப்பதில் ஆதாயம் இல்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டுங்கள். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். அதுதான் காரையை வெளியே தள்ளுகிறது. ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் கம்பி சேர்த்துப் பூசிவிடலாம். தளம் முழுக்கத் துரு என்றால் மேலே எத்தனை கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்தாலும் வீண்செலவு. அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை யோசிக்காதீர்கள். புதிய தளத்தின் பாரத்தைச் சுவர் தாங்குமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

சரி, இடிக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரரின் கணக்கில் பெரும்பாலும் வராதவை: நீங்கள் தங்கப்போகும் இடத்தின் வாடகை, இடிபாடுகளை அப்புறப்படுத்தும் கூலி, தளத்துக்குள் பதித்த ஒயரிங். கான்கிரீட்டின் வலிமையை 28 நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். அதன் பிறகும் பூச்சு வேலை இருக்கும். ஒரு மாத வாடகையோடு முடியாது. மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

இப்போது உங்கள் 15 ஆண்டுக் கடன். ஒரு லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 1,014. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடிக்கும்போது மொத்தம் 1,82,500-ஐத் தாண்டிவிடும். அதே வட்டியில் 5 ஆண்டு என்றால் தவணை 2,076, மொத்தம் சுமார் 1,24,500. இன்னொன்றும் பாருங்கள்: 16 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கி 5 ஆண்டில் அடைத்தால்கூட மொத்தம் 1,46,000-க்குள் முடிகிறது! அதற்காக 16 சதவீதக் கடனை வாங்கச் சொல்லவில்லை. குறைந்த வட்டிக் கடனையே வாங்குங்கள், ஆனால் ஐந்தாறு ஆண்டுக்குள் அடைப்பதுபோல். உங்கள் திட்டப்படி போனால் ஓய்வுக்குப் பிறகும் 8 ஆண்டுகள் தவணை ஓடும். 15 ஆண்டுக்குத்தான் தருவோம் என்று வங்கி சொன்னால், முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சேமிப்பையும் வழித்துத் துடைத்துக் கொடுத்துவிட வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவு தனியே இருக்கட்டும். அதனால் கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணாதீர்கள். வயதாகித் தேய்ந்ததற்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை.

அப்புறம், பணத்தை வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை முதல் பெருமழை வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். என் வீட்டு வேலைக்கு முழுப் பணத்தையும் முன்பே கொடுத்துவிட்டேன். முதல் மழையில் கூடத்தின் நடுவில் வாளி வைத்தோம், ஆள் போனையே எடுக்கவில்லை.