டிக்கெட் எண்ணிக்கையும் ரேட்டிங்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சப்போர்ட் டீம்ல இருக்கேன் சார். ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் (கஸ்டமர் புகார்) க்ளோஸ் பண்றோம், அதுதான் எங்க வேலையை அளக்குற கேபிஐ. சிக்கலான கேஸ் எல்லாம் என் தலையில விழுது, ஒண்ணு முடிக்க ரெண்டு நாள் ஆகுது. பக்கத்து சீட்டுக்காரர் பாஸ்வேர்ட் ரீசெட்டா பாத்து பொறுக்கி எடுத்து டாப் ரேட்டிங் வாங்கிட்டார். நானும் அப்படியே மாறிடவா?

பதில்: மாறினா உங்களுக்கு லாபம்தான், பொய் சொல்ல மாட்டேன். அவர் மேல கோவப்படவும் வேண்டாம், கம்பெனி எதை எண்ணுதோ அதைத்தான் அவர் செஞ்சு குடுக்கிறார். பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975லயே பணக்கொள்கை பத்தி பேசுறப்ப இதை சொல்லிட்டார், நிலவரம் தெரிஞ்சுக்க உதவுற ஒரு அளவை பிடிச்சு அதை வெச்சே எல்லாத்தையும் கட்டுப்படுத்த பாத்தா அது நிலவரத்தை காட்டுறதையே நிறுத்திடும்னு. அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் என்ன ஆச்சு? ஒரு கஸ்டமருக்கு எட்டு அக்கவுண்ட், கார்டுன்னு வித்தாகணும்னு ஊழியர்களை போட்டு நெருக்கினாங்க, அவங்க கஸ்டமருக்கே தெரியாம அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி கணக்கு காட்டிட்டாங்க. 2016ல வெளிய வந்தப்ப 18.5 கோடி டாலர் அபராதம், 5,300 பேர் வரைக்கும் வேலை போயிருந்துச்சு. சிஇஓவும் அப்புறம் விலகினார், ஆனா முதல்ல அடி வாங்கினது யாருன்னு பாருங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். "நான் கஷ்டமான வேலை செய்றேன்"னு மேனேஜர்கிட்ட போய் நின்னா அது புலம்பலாத்தான் கேக்கும். ஒரு மாசத்துக்கு நீங்களே ஒரு ஷீட் போடுங்க: கேஸ் எந்த வகை, எவ்வளவு நேரம் ஆச்சு, முடிச்சது ஒரு வாரத்துக்குள்ள திரும்ப ஓப்பன் ஆச்சா. இந்த கடைசி விவரம்தான் முக்கியம். இன்டெல் சிப் கம்பெனிக்கு தலைவரா இருந்த ஆண்டி குரோவ் சொன்னதும் இதேதான், வேகத்தை எண்ணுற அளவு ஒண்ணு இருந்தா அதுக்கு ஜோடியா தரத்தை எண்ணுற அளவு ஒண்ணும் இருக்கணும். டிக்கெட் எண்ணிக்கையோட ரீஓப்பன் எண்ணிக்கையும் சேத்து பாக்கலாமேன்னு கேளுங்க, கஷ்டமான கேஸுக்கு தனி வெயிட்டேஜ் கேளுங்க. அதுக்கும் அசையலன்னா அவங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும்தான்னு புரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

கேள்வி: என் டீம்ல பத்து பேர், பத்து பேரும் நல்லா பண்ணாங்க. பெல் கர்வ் பிரகாரம், அதாவது கொஞ்சம் பேர் மேல, நிறைய பேர் நடுவுல, கொஞ்சம் பேர் கீழன்னு ரேட்டிங்கை பிரிக்கிற கணக்குல, ஒருத்தரையாவது கடைசி ரேட்டிங்ல போட்டே ஆகணும்னு ஹெச்ஆர் சொல்றாங்க. என்ன செய்ய?

பதில்: பத்து பேரை வெச்சு பெல் கர்வா! ஜிஇ கம்பெனி தலைவரா இருந்த ஜாக் வெல்ச் மேல 20, நடுவுல 70, கடைசில 10 சதவீதம்னு ஆளுங்களை பிரிச்சது பெருசா பேசப்பட்டுச்சு, அதே மாதிரி முறை வெச்சிருந்த மைக்ரோசாஃப்ட் 2013ல தூக்கி போட்டுட்டாங்க. தரக்கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் ஒரு விளையாட்டு நடத்துவார் தெரியுமா? டப்பா நிறைய பாசிமணி, அஞ்சுல ஒண்ணு சிவப்பு, 50 குழி இருக்கிற பலகையை விட்டு அள்ளணும், சிவப்பு வந்தா அது டிஃபெக்ட். கம்மியா வந்தவருக்கு பாராட்டு, அதிகமா வந்தவருக்கு திட்டு, ஆனா யார் கையிலயும் ஒண்ணுமே இல்ல, எல்லாம் டப்பாவுல இருக்கிறது. உங்க பத்து பேருக்குள்ள இருக்கிற வித்தியாசத்துல பாதி இப்படித்தான் இருக்கும்னு எனக்கு தோணுது. எழுத்துல எதிர்ப்பை பதிவு பண்ணுங்க. அப்பவும் போட்டே ஆகணும்னா அந்த ஆளை கூப்பிட்டு கோட்டாவாலதான் இதுன்னு உள்ளதை சொல்லிடுங்க, ரேட்டிங்குக்கு பொருத்தமா இல்லாத குறையை கண்டுபிடிச்சு எழுதாதீங்க, அதுதான் பெரிய பாவம்.

கேள்வி: செல்ஃப் அப்ரைசல்ல எனக்கு நானே அஞ்சுக்கு எவ்வளவு போடலாம்?

பதில்: 4. அஞ்சு போட்டா ஆதாரம் கேப்பாங்க, மூணு போட்டா அதையே ஃபைனல் பண்ணிடுவாங்க.