புத்தி சரியில்லை என்கிறான் மகன். என் நிலத்தின் பவர் அவனிடம்!

கேள்வி: எனக்கு 71 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காபித் தோட்டமும் அதற்குள்ளேயே ஓர் ஓட்டு வீடும் இருக்கின்றன. அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த சொத்து; பட்டாவும் என் பெயரில்தான். கணவர் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவர் போனபின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. போன மழைக்காலத்தில் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மகன் கீழே சேலத்துக்கு அழைத்து வந்து, அழகாபுரத்தில் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். கை சரியாகிவிட்டது. ஆனால் மேலே ஏற்காட்டுக்கு அனுப்ப மறுக்கிறான். ஏ.டி.எம். கார்டு, ஆதார், பத்திரம் எல்லாம் அவனிடம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லி ஒரு பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் பதிவும் செய்துவிட்டான். விற்கும் உரிமையும் அதில் இருக்கிறதென்று பிறகுதான் தெரிந்தது. கேட்டால், "உனக்கு மறதி வந்துடுச்சும்மா. டாக்டர் சர்டிபிகேட் வாங்கி கோர்ட்டுல போட்டா உன் கையெழுத்தே செல்லாது" என்கிறான். போன வாரம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஏதோ எழுதிக் கொடுத்தார். என்னவென்று எனக்குக் காட்டவில்லை. சில சமயம் பெயர்கள் மறந்துபோவது உண்மைதான். இந்த வயதில் பெற்ற பிள்ளைமேல் கேஸ் போடுவதா என்று கூச்சமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– வாசகி, சேலம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த டாக்டர் சீட்டுதான். உங்கள் மகன் மிரட்டுவதுபோல அது மறதிக்கான சான்றாக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். பவர் வைத்திருப்பவர் சொத்தை விற்றுப் பத்திரம் பதியப் போனால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அண்மையில் வாங்கிய உயிர்வாழ் சான்றைப் பதிவுத் துறை கேட்கும். அதை ஒரு டாக்டரே எழுதித் தரலாம். அதனால் முதல் வேலையாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும். இன்னும் விற்பனை எதுவும் பதிவாகவில்லை என்றால் உங்கள் வேலை பாதி சுலபம். பதிவாகியிருந்தால் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்; அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்து, பவரை ரத்து செய்யுங்கள். பவர் என்பது உங்களுக்குப் பதிலாக ஒருவர் வேலை பார்க்க நீங்கள் கொடுக்கும் அனுமதி. கொடுத்த நீங்களே திரும்பப் பெறலாம். அதற்கு மகனின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. பத்திரத்தில் 'ரத்து செய்ய இயலாத பவர்' என்று எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அந்தச் சொத்தில் அவருக்கென்று சொந்தமாக ஓர் உரிமை இருந்தால்தான் அந்த வாசகத்துக்குப் பலம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் உங்களுக்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை. தாயின் தனிச் சொத்தில், தாய் இருக்கும்வரை, பிள்ளைக்குப் பிறப்புரிமை என்று ஒன்றும் கிடையாது.

பவர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதோ அங்கேயே ரத்துப் பத்திரத்தையும் பதிந்துவிடுங்கள். அதன் நகலோடு மகனுக்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பேப்பரிலும் சிறு விளம்பரம் கொடுப்பது நல்லது. காரணம், ரத்தான விஷயம் மகனுக்குத் தெரியும் முன்பு அவர் செய்துவிடும் காரியம் உங்களைக் கட்டுப்படுத்தும். விஷயம் தெரியாமல் வாங்குகிறவரும் அதைக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

இனி அந்த மிரட்டல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இப்போது நிறைய வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். நாற்பது வயதுக்காரர் வண்டிச் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால் அவருக்கு வேலை டென்ஷன். எழுபது வயதுக்காரர் தேடினால் புத்தி பேதலித்துவிட்டது! சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒருவருக்கு அந்தப் பத்திரம் என்னவென்று புரிந்ததா, அதனால் தனக்கு நல்லதா கெட்டதா என்று எடைபோட முடிந்ததா? 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான். அதில் வயதுக்கு மேல்வரம்பு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்துபோனதும் கணக்கில் வராது.

டாக்டர் சர்டிபிகேட் ஒரு சாட்சியம், அவ்வளவே. அதுவே தீர்ப்பாகிவிடாது. மனநோய் இருப்பதாகவே ஒரு டாக்டர் முடிவு செய்தாலும், தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்காதவரை அதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு சொல்கிறது. இத்தனை தெளிவாகக் கடிதம் எழுதும் உங்களை எந்த நீதிபதியும் நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் அப்படி அறிவித்துவிட மாட்டார்.

உங்கள் மகன் இன்னொன்றையும் யோசிக்கவில்லை. பவர் கொடுத்தபோதே உங்களுக்குப் புத்தி சரியில்லை என்றால் அந்தப் பவரே செல்லாது. சரியாக இருந்தது என்றால், சில மாதத்தில் அதை ரத்து செய்யும் புத்தி மட்டும் எங்கே போய்விடும்? அவருடைய வக்கீலும் இதைத்தான் அவரிடம் சொல்வார்.

ஆனாலும் ஒரு வேலை செய்யுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்களாகவே போய், மறதிக்கு முறையாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு போன்றவற்றாலும் மறதி வரும், மருந்தில் சரியாகும். ரத்துப் பத்திரம் பதியும் நாளுக்கு நெருக்கமாக அந்தச் சீட்டு உங்கள் கையில் இருந்தால், நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது.

பணம்: பென்ஷன் வரும் கிளைக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுத்துப் பழைய கார்டை முடக்குங்கள். கணக்கில் இருக்கும் செல்போன் எண் யாருடையது என்று கேட்டு, உங்கள் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து வங்கிச் சேவை தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஏற்காட்டு வீட்டுக்குத் திரும்பியபிறகு உதவும். ஆதாரை மகன் தராவிட்டால் சேவை மையத்தில் மறு அச்சு வாங்கிக்கொள்ளலாம். கைரேகை தேய்ந்து விழவில்லை என்றால் கருவிழியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசல் பத்திரத்துக்காகச் சண்டை போட வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

மேலே போக உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். உங்கள் வீடு, உங்கள் காசு, பஸ் ஏறிவிடலாம். கதவைப் பூட்டித் தடுத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-வது பிரிவின்படி குற்றம். அந்த நிலை வந்தால் முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்யுங்கள். பணத்தையும் பத்திரத்தையும் பிடுங்கி வைத்துக்கொள்வது 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்திலும் வரும்; மனைவி மட்டுமல்ல, தாயும் அதில் மனு போடலாம். மூத்த குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தருவதற்கு 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி கலெக்டரிடமும் மனு கொடுக்கலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

உங்கள் மகனின் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. மழையில் பாசி பிடித்த வாசலில், தனியாக இருக்கும் அம்மா மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் கவலைப்படத்தான் செய்யும். அதற்கு வாசலில் கைப்பிடி வைக்கலாம், குளியலறையில் வழுக்காத தரை போடலாம், ராத்திரித் துணைக்கு ஆள் பார்க்கலாம். நிலத்தை விற்றால் கால் வழுக்காமல் போய்விடாது. விழுவேனோ என்ற பயத்தோடு தன் வீட்டில் இருப்பதா, பயமில்லாமல் மகன் வீட்டில் இருப்பதா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான்.

கடைசியாக, அந்தக் கூச்சம். பவரை ரத்து செய்வது கேஸ் இல்லை அம்மா. யாரும் கூண்டில் ஏற வேண்டியதில்லை. ஊருக்குத் தெரியும்படி சம்மனும் வராது. ஒரு பத்திரம், ஒரு நோட்டீஸ், பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி. நோட்டீஸிலும் மகனைக் குறைசொல்லி ஒரு வார்த்தை வேண்டாம். இன்ன தேதியில் கொடுத்த பவர் இன்ன தேதியோடு ரத்து என்று எழுதினால் போதும். மிளகு அறுப்புக்கு ஆள் வைக்க, வரவு செலவு பார்க்க மகன் உதவுவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை இல்லாத ஒரு பவரைப் பிறகு எழுதிக் கொடுக்கலாம். அதை மட்டும் உங்கள் சார்பில் ஒரு வக்கீல் வரிக்கு வரி படித்துக் காட்டியபிறகு கையெழுத்துப் போடுங்கள்.