வேலையில்லாமல் இருந்த காலத்தைக் காட்டி நிறுவனங்கள் ஆட்களை ஒதுக்குகின்றனவா? வன்னியில் இருந்து விண்ணப்பிப்பவர் என்ன செய்யலாம்?

ஒதுக்குகிறார்கள். கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனக் கிளையில் ஆட்சேர்ப்பையும் சேர்த்துப் பார்ப்பவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். ஒரு பதவிக்கு விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வரும். அவசரமாகக் குறைக்க வேண்டும் என்றால் சுலபமான வழி, திகதிகளுக்கு நடுவே வெற்றிடம் உள்ளவற்றைத் தள்ளிவைப்பதுதான். ‘வேறு ஒருவரும் எடுக்கவில்லை என்றால் ஏதோ இருக்கும்தானே’ என்ற நினைப்பு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மூன்று பொருளியலாளர்கள் 100 நகரங்களில் ஏறத்தாழ 3,000 வேலைகளுக்குச் சுமார் 12,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஆய்வு 2013 இல் வெளியானது. வேலையில்லாத காலம் கூடக்கூட நேர்முகத்துக்கான அழைப்பு குறைந்தது, அதுவும் பெரும்பாலும் முதல் 8 மாதங்களுக்குள். அதைவிட முக்கியமான விசயம் ஒன்றும் அதில் இருக்கிறது. வேலை தாராளமாகக் கிடைக்கும் நகரங்களில்தான் இந்த ஒதுக்கல் கடுமை. வேலை அரிதான இடங்களில் முதலாளிகள் இடைவெளியை அவ்வளவு பெரிதுபடுத்தவில்லை. நியாயம்தான், ஊரே வேலை தேடும்போது ஒருவரை மட்டும் எப்படிச் சந்தேகிப்பது?

அப்படிப் பார்த்தால் வன்னியில் இடைவெளியைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. ஆனால் கடைசி முடிவு எடுப்பவர் கொழும்பில் இருக்கிறார், அவருடைய அளவுகோலும் கொழும்பு அளவுகோல். 2009 இல் போரால் படிப்புக் குழம்பி, முகாமில் இருந்து திரும்பி, பிந்தி ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எடுத்த பிள்ளையின் திகதிகள் அவருக்கு வெறும் திகதிகள்தான்.

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 2020 இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் (தனியார் வேலையில் சேர்ந்தால் பெயர் பதியப்படும் நிதி) பெயர் இருந்தவர்கள் முதலில் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டார்கள். தனியார் வேலைக்குப் போனது குற்றமாகிவிட்டது! அதைப் பார்த்த பிறகு எந்தத் தாய் தகப்பன் ‘கிடைத்த வேலைக்குப் போ பிள்ளை’ என்று சொல்வார்கள்? அரச நியமனம் வரும் என்று பிள்ளை வீட்டில் இருக்கும், பிறகு அந்த இருப்பையே நாங்கள் குறையாக எழுதுவோம்.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் 2011 இல் ‘வேலையில் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்’ என்ற மாதிரி விளம்பரங்களைத் தடை செய்தது. ஆனால் எங்கள் இலங்கை அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று சொல்கிறதே தவிர வேலையின்மையைச் சொல்லவில்லை. அது தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்துவதும் இல்லை.

சரி, செய்யக்கூடியது என்ன? களஞ்சியக் கணக்கு வேலை ஒன்றுக்கு முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தா. வணிகப் பட்டதாரி. தொழில் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தா.

“படிப்பு முடிஞ்ச பிறகு என்ன செய்தனீங்கள்?”

“வீட்டிலதான் சேர் இருந்தனான். மாமாவின்ர அரிசி ஆலைக் கணக்கு மட்டும் பாத்தனான்.”

மட்டுமாம்! நெல்லின் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு கழிப்பது, காலபோகத்துக்கு விவசாயி வாங்கிய முற்பணத்தை நெல் காசில் எப்படி வெட்டுவது, வாகனக் கூலி யார் தலையில் என்று கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனா. எங்கள் களஞ்சியத்தில் இருந்தவருக்கே அவ்வளவு தெரியாது. கேட்காமல் விட்டிருந்தால் அந்த விண்ணப்பம் தள்ளிவைத்த கட்டுக்குள்தான் கிடந்திருக்கும்.

ஆகவே ஆலை, டியூட்டரி, சங்கக் கணக்கு, மேசன் வேலை எதுவானாலும் ஆண்டு போட்டு, செய்த வேலையை இரண்டு வரியில் எழுதுங்கள். நியமனத்துக்குக் காத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் ஒரு வரி. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு, முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருகிறார்கள், திரும்பப் படிக்கத் தேவையில்லை, தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள்.

உறவினரல்லாத இரண்டு பேரை உறுதிப்படுத்துவோராகக் கேட்பார்கள். எல்லோரும் கிராம சேவகரையும் அதிபரையும் போடுகிறார்கள். அதில் ஒன்றையாவது உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவருக்கு விடுங்கள், போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வையுங்கள். நான் அழைப்பு எடுக்கும்போது “எந்தப் பிள்ளை தம்பி?” என்று என்னையே திருப்பிக் கேட்பவர்கள் நிறையப் பேர்.